பத்தடி தள்ளிக் கூவிய ஆள்காட்டி

வற்றிய ஏரியின் சரளைத் தரையில் மஞ்சக்காலி என்ற ஆள்காட்டிக் குருவி நான்கு முட்டைகளை அடைகாத்து வந்தாள். விடிந்தால் பொரிந்துவிடும். அந்த ஒரு பகல் தப்பினால் போதும்.

அன்றைக்கென்று பார்த்து நரி கரைமேல் வந்து உட்கார்ந்தது. போன வருஷம் அவள் இட்ட முட்டைகளை ஒன்று விடாமல் தின்ற அதே நரி! தண்ணீர் குடித்துவிட்டு வந்த மஞ்சக்காலி எங்கே உட்கார்ந்தாள் என்று அது கண்கொட்டாமல் பார்த்துவிட்டது. சரளையில் அடையாளம் சொல்ல ஒரு செடிகூடக் கிடையாது. அதனால் என்ன, இடத்தை நெஞ்சில் இருத்திக்கொண்டு கரையடியில் இருந்த கோரைப்புதருக்குள் இறங்கியது. புதரைத் தாண்டும்வரை கண்ணுக்கு எதுவும் தெரியாது.

கணவன் தவிட்டான் பதறிப்போனான். எதிர்க்கரைக்குப் பறந்து போய்க் கத்தட்டுமா என்று கேட்டான்.

"போன வருஷம் அப்படித்தானே கத்துனோம்? அவ்வளவு பெரிய பொய்யை அது நம்பல" என்றாள் மஞ்சக்காலி. "நரிக்கு இடதுபக்கமா, என்கிட்டேருந்து பத்தடி தள்ளி நின்னு கத்துங்க. அது போதும்."

"உனக்குக் கிறுக்கா? வீட்டுக்கே வழி சொன்ன மாதிரி ஆயிடுமே!"

"கிட்டத்துப் பொய்தான் நிஜத்தோட ஒட்டிக்கும். போங்க."

அரைமனதோடு போனான். ஆனால் கூவுவதில் குறை வைக்கவில்லை. தொண்டை கிழியக் கூவினான்.

கோரைக்குள் நரி சிரித்துக்கொண்டது. "கத்து, நல்லாக் கத்து! நான் காதை நம்புறவன் இல்ல, கண்ணை நம்புறவன்!"

வாய்தான் அப்படிச் சொன்னது. காது சும்மா இருக்குமா? ஒவ்வொரு கூவலுக்கும் நெஞ்சில் இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக இடதுபக்கம் நகர்ந்தது. நகர்ந்தது நரிக்குத் தெரியவே இல்லை.

புதர் அசைவதைக் கண்டதும் தவிட்டான் சத்தமில்லாமல் விலகிவிட்டான். நரி வெளியே வந்தது. மஞ்சக்காலி கல்லோடு கல்லாக அசையாமல் இருந்தாள். நரியோ துளிச் சந்தேகமும் இல்லாமல், தான் 'பார்த்த' இடத்துக்கு நேராக ஓடிப் பாய்ந்தது.

மஞ்சக்காலி கணக்குப் போட்டு வைத்திருந்த இடம் அது: மேலே காய்ந்த பொருக்கு, கீழே இடுப்பளவு சேறு. நரி வயிறுவரை புதைந்தது.

"இங்கதான் பார்த்தேன்! என் ரெண்டு கண்ணால பார்த்தேன்!" என்று கத்தியது.

பத்தடி தள்ளி இருந்தவளைத் திரும்பிப் பார்க்கக்கூட அதற்குத் தோன்றவில்லை. பொழுது சாயும்வரை உழன்று, எப்படியோ கரையேறி, தள்ளாடிக்கொண்டே காட்டுக்குள் போய்ச் சேர்ந்தது.

காலையில் நான்கு ஓடும் வெடித்தன. ஈரம் உலர்ந்ததும் நான்கு குஞ்சுகளும் எழுந்து ஓடத் தொடங்கின. மஞ்சக்காலியும் தவிட்டானும் ஏரி முழுக்கக் கேட்கும்படி கூவினார்கள். அந்தக் கூவலில் எந்தத் தந்திரமும் இல்லை, சந்தோஷம் மட்டும்தான்.

கண்ணால் கண்டதை நெஞ்சில் சுமந்து போகிறவன், வழியில் காதும் அதில் கை வைக்கும் என்பதை மறக்கக் கூடாது.