பொங்கியண்ணன் இறங்கிய புதுத் தண்ணீர்

ஆனைமலை அடிவாரத்துப் பெருந்தென்னந்தோப்புக்கும், அதன் நடுவே அமைந்த விருந்தினர் இல்லத்துக்கும் உரிமையாளர், தம் சொல்லுக்கு மறுசொல் கேட்டறியாதவர், திருவாளர் இரா. பொங்கியண்ணன் அவர்கள், வயது எழுபத்தொன்று. அவருக்குப் பெண்கள் இருவர், மருமகன்கள் இருவர். மூத்த மருமகன் லோகநாதன், மாமனார் சிரிக்குமுன்னே சிரித்துவிடுகிறவன். இளையவன் திருமூர்த்தி, சிரிக்க வேண்டிய இடத்திலும் யோசித்துக்கொண்டு நிற்பவன். விருந்தினர் இல்லத்தை நடத்தும் பொறுப்பைத் தருவதாக மாமனார் சொன்னதை நம்பி, திருப்பூரில் பார்த்த வேலையை விட்டு மனைவி ரேணுகாவோடு வந்து சேர்ந்தவன். திரும்பிப் போக அவனுக்கு வேறு இடமில்லை என்பதைப் பொங்கியண்ணன் நன்கறிவார்.

அந்தக் கோடையில், தரைக்கு மேலே நிற்கும் நீச்சல்குளம் ஒன்றை அவர் வரவழைத்தார். வட்டமாக வளைத்து நிறுத்தும் தகரச் சுவர், மார்பளவு உயரம். அதனுள்ளே பைபோல விரியும் நீலநிற ஷீட்டே தண்ணீரைத் தாங்கும். விளிம்புக்கு ஒரு சாண் கீழே சுவரில் துளையிட்டு, அதை மூடிய ஷீட்டையும் வெட்டி, மிதக்கும் சருகுகளை உள்ளிழுக்கும் ஸ்கிம்மர் என்னும் பெட்டியைப் பொருத்த வேண்டும். அது இழுக்கும் நீர் வடிகட்டிக்குச் சென்று, விளிம்புக்கு மேலாகவே குழாய்வழி குளத்துக்குத் திரும்பும்.

தரையைச் சமன்செய்து மணல் பரப்பும் வேலை லோகநாதனுக்கு, ஸ்கிம்மர் திருமூர்த்திக்கு.

"கொளம் ஒழுகாம நின்னுச்சுன்னா கெஸ்ட் ஹவுஸ் சாவி சின்ன மாப்பிளைக்கு. ஒழுகுச்சுன்னா, ஆரால ஒழுகுச்சோ அவன் இந்த வாசப்படிய மிதிக்கப்படாது" என்று உறவினர் முன்னிலையில் அறிவித்தார் பொங்கியண்ணன்.

ஷீட்டை விரித்த உடனே அவருக்குப் பொறுக்கவில்லை. "வெட்டிப்போட்டுப் பொட்டிய மாட்டு" என்றார்.

"ஆகாதுங்க மாமா. தண்ணி ஓட்டைக்கு நாலு விரல் கீழ வரைக்கும் நிக்கோணும். பாரத்துல ஷீட்டு இழுபட்டு ஒக்காந்த பொறகுதான் வெட்டோணும். இப்பவே வெட்டுனா கிழிஞ்சு போயிருங்க."

"சகலை கொளத்துக்கும் முகூர்த்தம் பாக்கறாப்ல!" என்றான் லோகநாதன். உறவினர் சிரித்தார்கள். பொங்கியண்ணன் சிரிக்கவில்லை. தம் பேச்சைப் பலர் நடுவே மறுத்துவிட்டானே என்பது மட்டும் அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நின்றது.

துளைக்குச் சற்றுக் கீழே வரை நீர் நிரம்பியது. அங்கே திருமூர்த்தி ஒரு கோடு கிழித்து வைத்தான். மறுநாள் காலையிலும் நீர் அந்தக் கோட்டிலேயே நின்றது. அதன் பிறகே ரப்பர் பட்டைகளை வைத்து, பெட்டியின் சட்டத்தைத் திருகாணிகளால் இறுக்கி, அதற்குள் அடங்கிய ஷீட்டை மட்டும் வெட்டி எடுத்தான். மறுபடி மோட்டாரைப் போட, நீர் ஸ்கிம்மரின் வாய் வரை ஏறியது. சருகுகள் அதனுள் ஓடி மறைந்தன. வெளிச்சுவரில் தடவிப் பார்த்த கைகளில் ஈரமே இல்லை.

புதுத் தண்ணீரில் குடும்பத்தின் மூத்தவர் இறங்குமுன் வேறெவரும் கால் நனைக்கலாகாது என்பது அவ்வீட்டு வழக்கம். பொங்கியண்ணனுக்கோ முழங்கால் வலி. நெடுநேரம் நிற்க இயலாது. ரேணுகா பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தாள்.

"இதுல ஒக்காந்து நான் என்ன பந்திக்கா காத்திட்டிருக்கப் போறேன்? எடுத்துட்டுப் போ கண்ணு. ஆபீஸ் ரூம் சேரக் கொண்டாரச் சொல்லு."

சிமென்ட் தரையில் கிறீச்சிட அந்த இரும்பு நாற்காலி இழுத்து வரப்பட்டுக் குளத்தில் இறக்கப்பட்டது. திருமூர்த்தி அப்போது தோப்பின் மறுகோடியில் மோட்டாரை நிறுத்தப் போயிருந்தான். கழுத்தளவு நீரில் அமர்ந்த பொங்கியண்ணன், கிழக்கே பார்த்து ஒரு படம், வடக்கே பார்த்து ஒரு படம் என்று நாற்காலியைத் திருப்பித் திருப்பிப் புகைப்படம் எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் குளத்தைச் சுற்றிலும் சேறு. உள்ளே முழங்காலளவு நீரே எஞ்சியிருந்தது, அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஓட்டை போட்டது இங்க ஒரே எடத்துலதானுங்களே மாமா" என்று லோகநாதன் ஸ்கிம்மரைத் தட்டிக் காட்டினான்.

"மாமா, தண்ணி இப்ப எங்க நிக்குதுன்னு ஒருக்காப் பாருங்க..." என்று தொடங்கினான் திருமூர்த்தி.

"மறுபடியும் எனக்குப் பாடம் எடுக்கறயா? உன்ற வாயில இருந்து இனி ஒரு பேச்சு வரப்படாது!"

உறவினர் பார்த்திருக்க, திருமூர்த்தியைச் சேற்றில் மண்டியிட வைத்து, ஸ்கிம்மரின் ஒவ்வொரு திருகாணியையும் அவன் கையாலேயே கழற்ற வைத்தார். கழற்றியவற்றை லோகநாதன் புன்னகையோடு வாங்கிக்கொண்டான். மழை பிடித்துக்கொண்டது.

"அப்பா, நாளைக்குப் போறமுங்கப்பா" என்றாள் ரேணுகா.

"புருசனோட போறவளுக்கு மழை என்ன, வெயில் என்ன?"

ஆளுக்கொரு பையைத் தலைமேல் பிடித்தபடி அவ்விருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தனர்.

கதையை இவ்விடத்தில் நிறுத்துகிறோம். வாசகரே, நடுநிலையோடு கூறுவீராக: குளத்தை வடித்தது லோகநாதன் சமன்செய்த தரையா, திருமூர்த்தி பொருத்திய ஸ்கிம்மரா, அல்லது வேறொருவர் செயலா? அவ்வாசற்படியை மிதிக்கத் தகாதவர் யார்?

விடை: ஸ்கிம்மர் வழியே ஒழுகியிருந்தால், நீர் அத்துளையின் கீழ்விளிம்போடு நின்றிருக்கும், முழங்காலளவுக்கு இறங்கியிராது. தரையில் கல் உறுத்தியிருந்தால், முதல் இரவிலேயே நீர் கோட்டை விட்டு இறங்கியிருக்கும். ஆகவே ஷீட்டின் அடியைக் குத்தியது இரும்பு நாற்காலியின் கால். தகாதவர் தீர்ப்புச் சொன்னவரே. எஞ்சிய நீரை இறைத்தபின் அப்பொத்தலைப் பொங்கியண்ணனே முதலில் கண்டார். அருகில் எவருமில்லை என்று பார்த்துக்கொண்டு, பசை தடவி, ஒரு துண்டு ஷீட்டைத் தம் கையாலேயே ஒட்டினார். அந்நேரம் ரேணுகா தொலைபேசியில் அழைத்து, "அப்பா, தண்ணி எதனால போச்சுன்னு ஏதாச்சும் தெரிஞ்சுதுங்களா?" என்று கேட்டாள். "தெரிய என்ன இருக்குது?" என்று கூறி இணைப்பைத் துண்டித்தார். பிறகு லோகநாதனை அழைத்து விருந்தினர் இல்லத்தின் சாவியை அவனிடம் கொடுத்தார். அவ்வாறு இவ்விவகாரம் முடிவுற்ற நாள், வைகாசித் திங்கள் ஒன்பதாம் நாள், வெள்ளிக்கிழமை.