பதறாமல் அடித்த பத்திரிகை

கூமுட்டைப்பட்டியில் கம்ப்யூட்டர் இருந்த வீடு ஒன்றே ஒன்று. அது செல்லக்கனி வீடு. மகள் தேன்மொழியின் கல்யாணத்துக்குப் பன்னிரண்டே நாள் இருக்கும்போது அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரை. அதில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தது கல்யாணப் பத்திரிகை. எண்பத்து நான்கு சொந்தக்காரர்களின் பெயர்கள். யாருக்குக் கீழே யார் என்று ஒரு மாதம் சண்டை நடந்து, இரண்டு பேர் பேச்சை விட்டு, ஒருவர் பந்தியிலிருந்து எழுந்து போய், ஒருவழியாகச் சமாதானம் ஆன வரிசை அது. மறுபடியும் எழுத உட்கார்ந்தால் கல்யாணம் நடக்காது, வெட்டுக்குத்துதான் நடக்கும்.

"ஏழாங்கிளாசோட நின்னவ நான். எனக்கு என்ன தெரியும்?" என்று செல்லக்கனி புலம்பினாள். கணவர் பரமசிவன் பத்தாவது வரை போனவர். அவருக்கும் அதே அளவுதான் தெரியும். ஆனால் சத்தமாகத் தெரியும்.

தேன்மொழிக்குக் கோயம்புத்தூரில் வேலை. பகலில் போன் எடுக்க விடமாட்டார்கள். அதனால் விஷயம் கேள்விப்பட்டதும் ஒரு டிஸ்க்கையும் கடுதாசியையும் கூரியரில் அனுப்பியிருந்தாள். பரமசிவன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்:

"இந்த டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கிறது. தானாக எழுந்திருக்க முடியாத கம்ப்யூட்டரை இது எழுப்பிவிடும். பதறாமல் காத்திருங்கள். எதையும் மாற்றாதீர்கள். பத்திரிகையைத் திறந்து அச்சகத்துக்குக் கொண்டு போங்கள். வேலை முடியும் வரை டிஸ்க்கை வெளியே எடுக்காதீர்கள்."

பரமசிவனின் தங்கை அன்னக்கிளி பக்கத்து வீடு. எந்தக் காரியத்துக்கும் முதல் ஆளாக வந்துவிடுவாள். "புதுச் சாமானுக்கு நாலு மூலையிலயும் மஞ்சள் வைக்காம வீட்டுக்குள்ள சேக்கலாமா மதினி?" என்றாள்.

நியாயம்தானே! மஞ்சளைக் குழைத்துக்கொண்டு வந்தார்கள். டிஸ்க்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

"மூலையே இல்லையேண்ணே."

"மூலையில்லாம ஒரு சாமானை எவன் செய்வான்? தேஞ்சு போயிருக்கும். புள்ள பழசை அனுப்பிட்டா."

"தேஞ்ச மூலை எங்க இருந்துச்சுன்னு எப்படிக் கண்டுபிடிக்க?" என்று செல்லக்கனி கையைப் பிசைந்தாள்.

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். கடைசியில் அன்னக்கிளிதான் வழி சொன்னாள். "முழுசாப் பூசிருவோம். மூலை எங்க இருந்திருந்தாலும் மஞ்சள் பட்டுரும்ல."

பூசிய டிஸ்க்கை உள்ளே தள்ளியதும் கம்ப்யூட்டர் நாலு தரம் இருமி வெளியே துப்பியது. "சளி பிடிச்சிருக்கு" என்றார் பரமசிவன். டிஸ்க்கைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டி, துவட்டி, மறுபடியும் தள்ளினார்கள். இந்தத் தடவை வாங்கிக்கொண்டது. உள்ளே விர்ரென்று ஏதோ சுற்றியது. திரையில் ஒன்றும் வரவில்லை.

"ஐயோ வரலையே... போச்சே..." என்றாள் செல்லக்கனி.

பரமசிவன் கடுதாசியை எடுத்தார். "பதறாம காத்திருங்கன்னு போட்டிருக்கு. நீ பதறுற. அதான் வரல."

"நான் எங்க பதறுறேன்? சும்மாதான் நிக்கேன்."

"சும்மா நின்னா கை ஏன் நடுங்குது? போ, அடுப்படியில போய்ப் பதறு."

அவள் அடுப்படிக்குப் போய்ப் பதறினாள். போன மாத்திரத்தில் திரை பளிச்சென்று எழுந்தது! என்ன ஏதென்று எட்டிப் பார்க்க ஓடிவந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரை ஒரு தரம் இருண்டு மறுபடி வெளுத்தது. அதோடு விஷயம் ருசுவாகிவிட்டது. செல்லக்கனி இருபதடி தள்ளியே நிற்க வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. அவளும் தலையாட்டினாள். தன் பார்வை பட்டால் பாலே திரிந்துவிடும் என்று அவளுக்கே ஒரு சந்தேகம் வெகுநாளாக உண்டு.

கண்ணில் பட்டதையெல்லாம் தட்டித் தட்டி, பரமசிவன் பத்திரிகையைத் திறந்துவிட்டார். எண்பத்து நான்கு பேரும் சண்டையில்லாமல் வரிசையாக நின்றார்கள்.

"திறந்தாச்சு. இனி அச்சகத்துக்குக் கொண்டு போகணும்."

"அணைச்சுட்டா கொண்டு போறது?" என்றாள் அன்னக்கிளி.

"அணைச்சா மூடிக்கிடுமே! திறந்துதான கொண்டு போகச் சொல்லியிருக்கு!"

காய்கறித் தள்ளுவண்டி வந்தது. பழைய கண்ணாடி மானிட்டர், பெட்டி, கரண்ட் போனால் பத்து நிமிஷம் தாங்கும் யுபிஎஸ், எல்லாம் எரிந்தது எரிந்தபடி ஏறின. யுபிஎஸ் கீக் கீக் என்று கத்த, பரமசிவன் தள்ள, அன்னக்கிளி குடை பிடிக்க, ஊர்வலம் அச்சகத்துக்குக் கிளம்பியது. இருபதடி பின்னால் செல்லக்கனி தனியாகப் பதறிக்கொண்டு வந்தாள்.

அச்சகம் வைத்திருந்த நெல்லையப்பர் வெளியே வந்து பார்த்தார். "இதை ஒரு பென்டிரைவுல காப்பி பண்ணிக் கொண்டாந்தாப் போதுமே?"

"கடுதாசியில காப்பின்னு ஒரு சொல் இல்ல" என்றார் பரமசிவன்.

"சரி, தள்ளுங்க, நான் பண்ணுறேன்."

"தொடாதீரும்! எதையும் மாத்தக் கூடாது. திரையில என்ன தெரியுதோ அதை அப்படியே அடியும். ஒரு புள்ளி கூடக் கூடக்கூடாது, குறையக்கூடாது."

நெல்லையப்பரும் கூமுட்டைப்பட்டிக்காரர்தானே. சொன்னதற்கு மேல் ஒன்றும் செய்ய மாட்டார். உள்ளே போய்க் கேமராவை எடுத்து வந்தார். யுபிஎஸ் விடாமல் அலறத் தொடங்கியது. செல்லக்கனிக்குப் பொறுக்கவில்லை. மாமா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் ஏறிவிட்டதோ? இருபதடியையும் ஒரே ஓட்டமாக ஓடிவந்து, அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தாள்.

கேமரா கிளிக் என்றது. திரை அணைந்தது. எல்லாரும் அவளை ஒரு பார்வை பார்த்தார்கள்.

மூன்றாம் நாள் ஐந்நூறு பத்திரிகை கட்டுக்கட்டாக வந்தது. வரிசை மாறவில்லை, எழுத்து குறையவில்லை. நட்டநடுவில் மட்டும், மானிட்டர் கண்ணாடியில் விழுந்த செல்லக்கனியின் முகம், வாயைப் பிளந்து, கண் பிதுங்கி, கலைந்த தலையோடு அச்சாகியிருந்தது. அதற்கு நேர் கீழே கொட்டை எழுத்தில் "மணமகள்."

செல்லக்கனி ஒன்றை எடுத்து நெடுநேரம் உற்றுப் பார்த்தாள். முகம் வெளிறியது.

"அடப்பாவமே! ஓடிவந்த வேர்வையில நெத்தி வெறுமையாக் கெடக்கே! கல்யாணப் பத்திரிகையில பொட்டில்லாம நின்னா ஊரு என்ன பேசும்?"

குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாலு மூலைக்கும் மஞ்சள், தன் நெற்றிக்கு ஒரு பொட்டு என்று ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தாள். முந்நூறு தாண்டும்போது அன்னக்கிளி பேனாவோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பொட்டு வச்சதை இங்க தள்ளுங்க மதினி. நான் வாயை மூடி விடுதேன். பதறாம இருக்கணும்னு புள்ள எழுதியிருக்கால்ல!"