மயிலுக்கு அடியில்

“அம்மா, நம்ம படத்துல ஒரு பொய் இருக்கு” என்றான் சாத்தப்பன்.

“ஒண்ணுதானா?” என்றாள் உலகம்மாள்.

உலகம்மாள் நகரப் படங்கள் பதிப்பிக்கிறவள். செப்புத் தகட்டில் ஊரை இடம் வலம் மாற்றிச் செதுக்கி, மை பூசி, காகிதத்தில் ஒற்றி விற்பாள். சாத்தப்பன் அவளைவிட வயதில் மிகவும் மூத்தவன். ஆனால் தொழில் கற்றது அவளிடம். அதனால் அவன் அவளை அம்மா என்பான், அவள் அவனை அண்ணாச்சி என்பாள். கேட்கிறவர்களுக்குத்தான் குழப்பம்.

“மணற்கோட்டைப் படத்தைச் சொல்றேன்” என்றான். அது அவன் பிறந்த ஊர். “தெற்கு மதில்ல, பெரிய வாசலுக்கு வலது பக்கம் ஒரு சின்ன வாசல் உண்டு. பொம்பளைங்க தண்ணிக்குப் போற வாசல். நீங்க வேண்டாம்னு சொன்னீங்க, விட்டுட்டேன். என் தங்கச்சி பேச்சி வீடு அந்த வாசலை ஒட்டித்தான் இருக்கு. படத்தைப் பாத்துட்டு அழுதுட்டா. ‘எங்க வாசல் உனக்கு மறந்துபோச்சாண்ணே’ன்னு கேக்கா.”

உலகம்மாள் எழுந்துபோய்ப் பட்டறையின் பின்கதவைச் சாத்தித் தாழிட்டாள். திரும்பிவந்து உட்கார்ந்தாள்.

“காத்து அடிக்குதா?” என்று கேட்டான் சாத்தப்பன்.

“இல்ல.”

சாத்தப்பன் முணுமுணுத்துக்கொண்டே தன் இடத்துக்குப் போனான்.

அவள் வெளியிட்ட எந்த ஊர்ப் படத்திலும் ஏதாவது ஒன்று குறையும். ஏன் என்று அவள் சொன்னதில்லை. அந்தத் தெருவில் வேறு பதிப்பாளர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் எந்த ஊரையும் நேரில் பார்த்தவர் இல்லை. உலகம்மாளின் படம் வந்ததும் அதைப் பார்த்து அப்படியே தங்கள் தகட்டில் செதுக்கிவிடுவார்கள், குறையையும் சேர்த்து. தெருவில் ஒற்றுமை என்று ஒன்று இருந்தது இந்தத் திருட்டில் மட்டும்தான்.

மணற்கோட்டைப் படத்தின் கீழ் மூலைகள் இரண்டிலும் எதிரெதிராக இரண்டு மயில்கள் நின்றன. அது சாத்தப்பனின் யோசனை.

“அந்த இடத்துல என்ன இருக்கு அண்ணாச்சி?” என்று அப்போது அவள் கேட்டாள்.

“ஒண்ணுமில்லம்மா. மதிலுக்கு வெளியே வெறும் இடம்.”

“ரெண்டு பக்கமுமா?”

“ரெண்டு பக்கமும்தான்.”

அவள் அவன் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு சரி என்றாள். அந்தத் தோகைகளை அவன் பார்த்துப் பார்த்துச் செதுக்கினான். தெருவே வந்து வியந்துவிட்டுப் போனது, நகல் எடுக்கத்தான்.

மழைக்காலம் முடிந்ததும் உலகம்மாள் காகிதம் வாங்க வெளியூர் போனாள்.

சாத்தப்பன் மணற்கோட்டைத் தகட்டை எடுத்தான். மதில் கோட்டில் ஓர் இடத்தைச் சுரண்டினான். பின்புறம் சுத்தியலால் தட்டிப் பள்ளத்தை மேலேற்றி, மழமழவென்று தேய்த்தான். வேறு எந்த வேலைக்கும் முன்னால் ஒரு வரைவை வைத்துக்கொள்வான். இதற்கு வரைவு எதற்கு? கண்ணை மூடினாலே வாசல் தெரிந்தது. சின்ன வயதில் எத்தனை முறை ஓடிய இடம்! ஊரைப் பார்த்து நின்றால் பெரிய வாசல், அதற்கு வலக்கைப் பக்கம் சின்ன வாசல். செதுக்கினான்.

காகிதத்தில் ஒற்றி, கொடியில் காயப்போட்டான். வாசலை மட்டும் பார்த்தான். பூரித்துப்போனான்.

மறுநாள் ஒருவர் வந்தார். நல்ல உடை, மரியாதையான பேச்சு.

“தெருவுல எல்லாப் படத்தையும் பாத்துட்டேன். மணற்கோட்டைக்கு மதில் ஒரே அடைப்பா இருக்கு. உங்க படத்துல மட்டும் ஒரு சின்ன வாசல் தெரியுதே?”

“இருக்கிறதைத்தானே ஐயா போட முடியும்?” என்றான் சாத்தப்பன்.

“காவல் பலமோ?”

“அதுக்கு எதுக்குக் காவல்? ஒரு தாழ்ப்பாள்தான். பொம்பளைங்க தண்ணிக்குப் போற வாசல்.”

அவர் படத்தைப் பக்குவமாகச் சுருட்டிக்கொண்டு வெளியே போனார். வாசலில் இரண்டு குதிரைகளைப் பிடித்துக்கொண்டு ஒருவன் நின்றான். அவனிடம் அவர் சொன்னது சாத்தப்பன் காதில் விழுந்தது.

“வழி கிடைச்சுது. அமாவாசைக்குப் படையை நகர்த்திடலாம். வாசலுக்கு எதிர்ல குடிசை கிடிசை இருந்தா முதல்ல அதை முடிச்சிடணும். உள்ளே ஒரு சத்தம் கேக்கக் கூடாது.”

சாத்தப்பன் கையிலிருந்த உளியைப் போட்டுவிட்டு எழுந்தான். ‘ஐயா’ என்று கத்திக்கொண்டே வெளியே ஓடினான். அதற்குள் குதிரைகள் போய்விட்டன.

தெருமுனை வரை ஓடினான். எதிரே ஒரு குதிரைவண்டி வந்தது. காகிதக் கட்டுகளுக்கு நடுவே உலகம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

“அம்மா! என் ஊருக்கு நானே கொள்ளி வச்சுட்டேன்!”

அவள் இறங்கி அவனைப் பட்டறைக்குள் கூட்டிப்போனாள். வண்டி பின்னால் வந்து வாசலில் நின்றது. அவன் எல்லாவற்றையும் சொன்னான். சொல்லச் சொல்லத் தலையில் அடித்துக்கொண்டான்.

“பின்கதவைத் தாழ் போட்டீங்களே அம்மா! சின்ன வாசல் வழியாத்தான் எதிரி வருவான்னு அப்பவே எனக்கு உறைக்கலையே! வண்டியைக் குடுங்க. நான் போய்ப் பேச்சியையாவது கூட்டிட்டு வந்துடறேன்.”

உலகம்மாள் கொடியில் மிச்சமிருந்த ஒரு படத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

“வாசல் எந்தப் பக்கம் அண்ணாச்சி?”

“பெரிய வாசலுக்கு வலது பக்கம்.”

அவள் படத்தை அவன் பக்கம் திருப்பினாள்.

சின்ன வாசல் இடது பக்கம் இருந்தது.

சாத்தப்பன் உற்றுப் பார்த்தான். தகட்டை எடுத்தான். காகிதத்தைப் பார்த்தான். மறுபடி தகட்டைப் பார்த்தான். இத்தனை வருடத் தொழிலில் செய்யாத பிழை. ஊர் ஞாபகத்தில், இடம் வலம் மாற்ற மறந்துபோய், கண்ணில் தெரிந்தபடியே வலது பக்கம் செதுக்கிவிட்டான். தகட்டில் வலமாக இருந்தது காகிதத்தில் இடமாக விழுந்துவிட்டது.

“பிழைச்சோம்!” என்று கத்தினான். சிரித்தான், சிரிக்கும்போதே கண்ணீர் வழிந்தது. “பேச்சி பிழைச்சா! ஊர் பிழைச்சுது! அந்தப் பக்கம் வெறும் கல்லு மதில்தான் அம்மா. படை வந்து முட்டிக்கிட்டுத் திரும்பட்டும்!”

வாசல் பக்கம் திரும்பி, “ஏப்பா, குதிரையை அவுத்துடு, வண்டி வேண்டாம்!” என்று குரல் கொடுத்தான்.

உலகம்மாள் சிரிக்கவில்லை. படத்தின் மேல் விரலை வைத்தாள். புது வாசலுக்கு நேர் கீழே இடதுபக்கத்து மயில் தோகையை விரித்து நின்றுகொண்டிருந்தது.

“இதுக்கு அடியில என்ன இருக்கு அண்ணாச்சி?”

“அன்னைக்கே சொன்னேனே அம்மா. ஒண்ணுமில்ல. வெறும்…”

நிறுத்தினான்.

அவன் மனக்கண்ணில் வெள்ளைவெளேரென்று உப்புப் பாத்திகள் தெரிந்தன. பாத்திகளின் ஓரத்தில் ஓலைக் குடிசைகள். ஊருக்கு உப்பு அங்கிருந்துதான் வரும். ஒரு பெண் கூடையைத் தலையில் சுமந்துகொண்டு வருவாள். பேச்சியின் வீட்டுக்குள் அவள் வர மாட்டாள், வெளியிலேயே நின்று உப்பு உப்பு என்று கூப்பிடுவாள். இடுப்பில் எப்போதும் ஒரு குழந்தை இருக்கும்.

“உப்பளத்து ஆளுங்க” என்றான்.

“இன்னும் இருக்காங்களா?”

“இருக்காங்க. நிறைய இருக்காங்க.”

“ஆள் அனுப்பலாம். யார்கிட்ட சொல்லச் சொல்லணும்? பேர் சொல்லுங்க.”

சாத்தப்பன் வாயைத் திறந்தான்.

மணற்கோட்டையின் ஒவ்வொரு சந்தின் பெயரும் அவனுக்குத் தெரியும். இடிந்த மண்டபத்துக்கும் தூர்ந்த கிணற்றுக்கும்கூட அவன் பெயர் செதுக்கியிருக்கிறான்.

“யாராவது ஒருத்தர் பேர், அண்ணாச்சி.”

ஒரு பெயரும் வரவில்லை.

வெளியே குதிரையின் சேணத்தை அவிழ்க்கிற சத்தம் கேட்டது. உலகம்மாள் ஓடிப்போய் வண்டிக்காரனின் கையைப் பிடித்தாள். திரும்பிப் பார்த்தாள்.

“ஏறுங்க” என்றாள். “பேர் தெரியாதவங்களை என்ன சொல்லிக் கூப்பிடுவீங்கன்னு வழியில யோசிச்சுக்குங்க.”