நம்பர் பெட்டியும் மீசைக்கார அதிகாரியும்

மழை பிடிச்சா மூணு மாசம் வெளிய தலைகாட்ட முடியாத மலைக்காட்டு ஊரு அது. அந்தச் சனத்துக்கு இருந்த ஒரே கூத்து, நம்பர் கூப்பிடுற கரண்டுப் பெட்டிதான். அது கூப்பிடுற நம்பரை அவங்கவங்க சீட்டுல அடிக்கணும்; முதல்ல முழுச் சீட்டையும் அடிச்சவங்க செயிச்சாங்க. அதுக்கு முன்னால மூங்கில் குழாயில நம்பர் எழுதுன புளியங்கொட்டையைக் குலுக்கி ஆடிக்கிட்டிருந்தாங்க.

சூதாட்டம்னு பெட்டியைப் பறிமுதல் பண்றதுக்கு அதிகாரி சபாநாயகம் ஜீப்புல வந்தாரு. வளைவுக்கு வளைவு வாந்தி. ஆனா மீசை மட்டும் கலையவே இல்ல.

"ஆளுங்க ஆடுனா விளையாட்டு, மெஷின் ஆடுனா சூது. இங்க மெஷின்தான் ஆடுது"ன்னாரு.

பெட்டியைத் துடைக்கிற நஞ்சி சீட்டை நீட்டுனா. "ஊரோட உக்காந்து ஒரு ஆட்டம் ஆடிட்டு, சூதா விளையாட்டான்னு எழுதுங்க சாமி. செயிச்சா பலாப்பழம்."

பெட்டி கூப்பிடக் கூப்பிட அவரு சீட்டுல அடிச்சுக்கிட்டே வந்தாரு. இன்னும் ஒரே நம்பர்தான் பாக்கி. நஞ்சி வயரைப் பிடுங்கிட்டா.

"ஏம்மா, அடுத்த நம்பரு?"

"ஆடுன மெஷினு படுத்துருச்சே சாமி. ஆட்டம் முடிஞ்சுது."

"அது சும்மா நம்பர்தானே கூப்பிட்டுச்சு? ஆடுறது நானு!"

ஊரே சிரிச்சுது. நஞ்சி மூங்கில் குழாயைக் குலுக்குனா. மூணாவதா விழுந்த கொட்டை அவரு நம்பரு. மனுசன் குதிச்ச குதியில பெஞ்சு உடைஞ்சுது.

'விளையாட்டு'ன்னு எழுதிக் குடுத்துட்டு, ஜீப்புலயே பழத்தைப் பிளந்து தின்னுக்கிட்டே மலை இறங்குனாரு. பலாப்பிசின் ஒட்டி, அந்த மீசையும் அன்னிக்குக் கலைஞ்சுபோச்சு.