மூன்று சூரியன் உதித்த காலை

மலைகளுக்கும் ஆறுகளுக்கும் இன்னும் பெயர் வைத்து முடிக்காத காலம் அது, கேளுங்கள். ஓர் ஆற்றின் தென்கரையைப் பூங்கோதை என்ற அரசி ஆண்டாள். வடகரை இளங்கொற்றன் என்ற அரசனுடையது. ஆற்றின் நடுவே புல் மண்டிய திட்டு ஒன்று. அது யாருக்குச் சொந்தம் என்பதில் இரண்டு தலைமுறைச் சண்டை. பூங்கோதையின் அண்ணன் அந்தச் சண்டையில்தான் மாண்டான்.

அந்த ஆண்டு பகை முற்றி, இரு கரையிலும் படைகள் வந்து இறங்கின.

போருக்குக் குறித்த நாள் விடிந்தது. கிழக்கே மூன்று சூரியன் தெரிந்தது. நடுவில் ஒன்று, இருபுறமும் சற்று மங்கலாய் ஒவ்வொன்று, மூன்றையும் கோத்தாற்போல ஒரு வெள்ளை வட்டம். படையே வாய்பிளந்து நின்றது.

அரசி மூவரைக் கேட்டாள். நடுவில் ஒளிர்வது அரசிதான், பக்கத்தில் நிற்பவை அவளுக்கு அடங்கப்போகும் நாடுகள் என்றார் சோதிடர். முன்னோர்கள் எழுந்து வந்து பழி கேட்கிறார்கள் என்றார் அமைச்சர். படைத்தலைவன் விளக்கமெல்லாம் சொல்லவில்லை; முரசறையவா என்று மட்டும் கேட்டான்.

பூங்கோதைக்கு எல்லாமே இனித்தது. அண்ணனின் முகம் கண்ணுக்குள் வந்தது. சரி என்று சொல்ல வாயெடுத்தவள், தற்செயலாக அக்கரையைப் பார்த்தாள். அங்கேயும் எல்லோரும் அண்ணாந்து நின்றார்கள்.

அவள் வாளைக் கழற்றிவைத்தாள். ஓடமேறித் தனியே திட்டில் போய் இறங்கினாள். அதைக் கண்ட இளங்கொற்றனும் வெறுங்கையோடு வந்தான்.

அவனுடைய சோதிடர் என்ன சொன்னார் என்று கேட்டாள். அவன் கொஞ்சம் கூச்சத்தோடு, நடுச்சூரியன் தன்னைத்தான் குறிக்கிறது என்று அவர் சொன்னதாகச் சொன்னான்.

"உங்களுக்கும் வெற்றி, எனக்கும் வெற்றி என்றால் தோற்பது யார்?" என்றாள் பூங்கோதை.

இளங்கொற்றன் இரு கரையையும் திரும்பிப் பார்த்தான். மீசை அரும்பாத பிள்ளைகள் வேல்களைத் தோளில் சாய்த்துக்கொண்டு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"அவர்கள்தான்" என்றான்.

அதற்குமேல் அதிகம் பேச இருக்கவில்லை. திட்டில் இரு நாட்டு மாடுகளும் மேயட்டும் என்று முடிவானது. வெயில் ஏற ஏறப் பக்கத்துச் சூரியன்கள் கரைந்து மறைந்தன. ஓடத்தில் திரும்பும்போது பூங்கோதை அண்ணனை நினைத்து அழுதாள். அழுது முடித்தபோது மனம் லேசாயிருந்தது. அந்த வாரமே நல்ல மழை. இரு கரையிலும் நாற்று நட்டார்கள்.

நாம் ஆசைப்பட்டதையே வானம் சொல்கிறது என்று தோன்றினால், அதே வானத்தின் கீழ் நிற்கும் அடுத்தவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும்.