கொட்டாவிக்குளத்தின் கி.மு. பானைகள்

கொட்டாவிக்குளத்து ஆட்களிடம் எதையும் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். புது ரோடு போட்ட சமயம், "இனிமே சந்தைக்குக் கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்" என்று யாரோ சொல்லப்போக, நான்கு பேர் அப்படியே நடந்து வாய்க்காலுக்குள் கிடந்தார்கள். அந்த நால்வரில் மூத்தவர் வெயிலுகந்தான். மற்றவர்கள் மாசானம், அருளப்பன், பிச்சைக்கண்ணு.

ஊருக்குக் கிழக்கே உள்ள மண்மேட்டில் பழங்காலப் பானைகளைத் தோண்டியெடுக்க வந்த அதிகாரி இன்பவல்லிக்கு, வேலைக்குக் கிடைத்ததும் இதே நால்வர்தான். வெயிலுகந்தானைத் தலைமை ஆளாகப் போட்டார். அன்றிலிருந்து அவர் சாப்பிடும்போதுகூடத் தலைப்பாகையைக் கழற்றுவதில்லை.

நவம்பர் கடைசியில் இன்பவல்லிக்கு மதுரையில் ஒரு கூட்டம். ஜீப்பில் ஏறும்போது வெயிலுகந்தானைக் கூப்பிட்டார்.

"அடியில கிடைச்ச பானையெல்லாம் கி.மு. மேல கிடைச்சதெல்லாம் கி.பி. நான் வர்ற வரைக்கும் ரெண்டும் கலந்துடக் கூடாது. கலந்துச்சுன்னா நம்ம வேலையே நின்னுபோகும்."

"அப்படீன்னா என்ன மேடம்?"

"கி.மு.ன்னா கிறிஸ்துவுக்கு முன். கி.பி.ன்னா கிறிஸ்துவுக்குப் பின். ஞாபகம் வச்சுக்குங்க."

ஜீப் போய்விட்டது. வெயிலுகந்தான் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். பானைகள் வரிசையாக இருந்தன. கிறிஸ்துவைக் காணோம். மற்ற மூவரையும் கூப்பிட்டார்.

"ஏல, மேடம் இல்லாத நேரத்துல நம்ம தலையில விடிஞ்சிருமே. கிறிஸ்துவுக்கு முன்னால இருக்க வேண்டியது இங்க என்ன செய்யுது?"

அருளப்பன் மாதா கோயிலுக்குப் போகிறவன். "எங்க கோயில் வாசல்ல கிறிஸ்து அரசர் சொரூபம் இருக்கு அண்ணாச்சி. முன்னால நல்ல இடம். பின்னாலதான் பங்குச் சாமியார் வளக்குற கோழிக்கூடு."

"கி.பி. பானைதானல. கோழியோட கிடந்துட்டுப் போகட்டும்."

சாயங்காலத்துக்குள் அடிமண் பானைகள் சொரூபத்துக்கு முன்னாலும், மேல்மண் பானைகள் பின்னாலும் போய்ச் சேர்ந்தன. வெயிலுகந்தான் இரண்டு பக்கமும் நடந்து பார்த்தார். ஒன்றோடொன்று கலக்கவில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

மறுநாள் கிறிஸ்து அரசர் திருவிழா என்பது அருளப்பனுக்குத் தெரியும். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

விடிந்ததும் நால்வரும் வந்து பார்த்தால், சொரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றி, பூ அலங்காரம் செய்து, பேண்டு மேளத்தோடு இழுத்துக்கொண்டிருந்தார்கள். சப்பரம் கி.மு. பானைகளை ஒட்டி நகர்ந்து, அவற்றைத் தாண்டியே போய்விட்டது.

"அண்ணாச்சி!" மாசானம் அலறினான். "கி.மு. எல்லாம் கி.பி. ஆயிட்டு!"

வெயிலுகந்தான் முதல் ஆளாகப் பாய்ந்தார். "தூக்குங்கல! அவருக்கு முன்னால ஓடுங்க!"

அவரும் மாசானமும் கி.மு. பானைகளைக் கூடையில் அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு சப்பரத்துக்கு முன்னால் ஓடினார்கள். மற்ற இருவரும் கி.பி. கூடைகளோடு பின்னால் வந்தார்கள். ஏதோ நேர்ச்சை போலிருக்கிறது என்று ஜனங்கள் வழிவிட்டார்கள். ஒரு பாட்டியம்மா வெயிலுகந்தானின் கூடையில் மெழுகுவத்தி ஏற்றி வைத்தார். தலைப்பாகை லேசாகக் கருகியது. அவர் கூடையை இறக்கவில்லை.

மேலத்தெரு முனையில் வைக்கோல் லாரி ஒன்று குறுக்கே நின்றது. சப்பரத்தைத் திருப்ப இடமில்லை. "அப்படியே பின்னால இழுங்கப்பா" என்றார் சாமியார். வடத்தைப் பின்பக்கம் கட்டி இழுத்தார்கள். கிறிஸ்து மேற்கே பார்த்தபடி கிழக்கே போனார்.

நால்வரும் நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள். சப்பரமும் நின்றது.

"முகம் இருக்கிற பக்கம்தான் முன்னால" என்றார் வெயிலுகந்தான்.

"போற பக்கம்தான் முன்னால" என்றான் பிச்சைக்கண்ணு. "பஸ்ஸு ரிவர்ஸ்ல வரும்போது 'முன்னால நிக்காத'ன்னு கண்டக்டர் யாரச் சொல்லுதாரு?"

"பஸ்ஸுக்கு முகம் உண்டாடே?"

"லைட்டு இருக்குல்லா அண்ணாச்சி."

பேண்டுக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். சாமியார் நெற்றியைப் பிடித்துக்கொண்டு லாரியின் நிழலில் உட்கார்ந்தார்.

அப்போதுதான் இன்பவல்லியின் ஜீப் வந்தது. தலைகளின் மேல் இருந்த கூடைகளைப் பார்த்ததும் ஜீப்பிலிருந்து குதித்தார். ஓடி வந்து ஒவ்வொரு பானையாகத் தொட்டுப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

"ஒண்ணுகூடக் கலக்கலை மேடம்" என்றார் வெயிலுகந்தான். "அவரு போன இடமெல்லாம் போனோம்."

இன்பவல்லிக்குத் திட்ட மனம் வரவில்லை. நால்வரையும் உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். "முன்னாடின்னா இடம் இல்ல, காலம். கிறிஸ்து பிறக்கிறதுக்கு முந்தின காலம் கி.மு. பிறந்ததுக்கு அப்புறம் கி.பி. புரியுதா?"

"பிறந்தது டிசம்பர் இருபத்தஞ்சு" என்றான் அருளப்பன், பெருமையாக.

"ஆமா" என்றார் இன்பவல்லி. அதோடு விட்டிருக்கக் கூடாது.

டிசம்பர் பிறந்ததிலிருந்து நால்வரும் பேய் மாதிரி உழைத்தார்கள். பொழுது விடியுமுன் மண்வெட்டிச் சத்தம் கேட்கும். சோறு தின்னக்கூட உட்காரவில்லை. "இப்படி ஆட்கள் யாருக்குக் கிடைக்கும்!" என்று மேலிடத்துக்குப் போன் போட்டுச் சொன்னார் இன்பவல்லி.

இருபத்தாறாம் தேதி காலையில் அவர் வந்தபோது மண்வெட்டிகள் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தன. நால்வரும் ஆளுக்கொரு புத்தம்புதுப் பானையோடு வரிசையாக நின்றார்கள். சூளைச் சாம்பல்கூடப் போகவில்லை.

"என்ன இது?"

"கி.மு. மேடம்" என்றார் வெயிலுகந்தான். "இனிமே தோண்டினா கி.பி.தான வரும். இது இருபத்துநாலாம் தேதிச் சந்தையில வாங்கினது. பத்திரமா வைங்க. இன்னிக்குப் போனா அதே கடையில எல்லாமே கி.பி. ஆயிருக்கும்."

இன்பவல்லி பானையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். பிறகு மண்மேட்டின் மேலேயே மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

வெயிலுகந்தான் குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"பிச்சைக்கண்ணுகிட்ட மட்டும் ஒரு சிக்கல் மேடம். பய சோம்பேறித்தனமா இருபத்தஞ்சாம் தேதி போய் வாங்கிட்டு வந்திருக்கான். காலையில வாங்கினானா, மத்தியானம் வாங்கினானான்னு கேட்டா முழிக்கிறான். கிறிஸ்து எத்தனை மணிக்குப் பிறந்தாருன்னு மட்டும் நீங்க சொல்லிட்டியன்னா, மீதிய நாங்க பாத்துக்கிடுதோம்."