சீல் பார்க்கும் கை

கப்பல், ரயில், லாரி என மாறி மாறிப் போகும் சரக்குக்காகத் தூத்துக்குடியில் ஒரு குழு இருந்தது. தலைவர் பதவி மூன்று தரப்புக்கும் முறை வைத்துச் சுற்றும். கூட்டக் குறிப்பை ஒரு தரப்பு எழுதும். மற்ற இரண்டும் படித்துக் கையெழுத்திடும்.

ரயில் தரப்பின் கோமதிநாயகத்துக்குத் தலைவர் பதவி மறுநாளோடு முடிகிறது. அடுத்த முறை லாரித் தரப்பின் சேர்மக்கனிக்கு.

அன்று காலை கோமதிநாயகம், ஒட்டிய உறை ஒன்றுடன் கன்டெய்னர் யார்டுக்கு வந்தார். மெர்சலின் அங்கே இருந்தார். குழுவின் முதல் தலைவி. தொழிலின் விதிகளைப் பலருக்கும் சொல்லிக்கொடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்.

"சேர்மக்கனி குறிப்பை மாத்திட்டார், டீச்சர். யார்டுல லாரியை நாலு மணி நேரம் வரைக்கும் காக்க வைக்கலாம்னு முடிவு பண்ணினோம். அவர் ரெண்டுன்னு எழுதியிருக்கார்."

"கீழே யார் கையெழுத்து?"

"கப்பல் தரப்பு. அப்புறம் நான்."

"படிச்சீங்களா?"

"இருபது வருஷப் பழக்கம். அதையெல்லாம் உட்கார்ந்து படிக்கணுமா?"

மெர்சலின் உறையைப் பார்த்தார்.

"விதியில ஒரு திருத்தம்," என்றார் கோமதிநாயகம். "சேர்மக்கனி மேல விசாரணை வச்சு, அது முடியிற வரை நானே தலைவர். குறிப்பை நானே எழுதுவேன், நானே சரிபார்ப்பேன். உங்க கையெழுத்து இருந்தா நாளைக்கு யாரும் வாய் திறக்க மாட்டாங்க."

மெர்சலின் உறையை வாங்கிக்கொண்டு தண்டவாளத்தை நோக்கி நடந்தார். கோமதிநாயகம் பின்னால் போனார்.

ரயிலிலிருந்து ஒரு கன்டெய்னரை லாரியில் இறக்கியிருந்தார்கள். லாரி டிரைவர் கன்டெய்னர் கதவருகே குனிந்து, பூட்டில் மாட்டியிருந்த சீலின் எண்ணைச் சீட்டோடு ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிட்டார். அந்தச் சீல் அறுபடாமல் இருக்கிறதா என்று இழுத்தும் பார்த்தார். சரக்கை ஒப்படைக்கும் ரயில்வே கிளார்க் பக்கத்தில் நின்று தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கிளார்க் உனக்கு என்ன உறவு?" என்று டிரைவரிடம் கேட்டார் மெர்சலின்.

"அக்கா வீட்டுக்காரர், டீச்சர். எங்க அத்தான்."

"அவரையுமா சந்தேகப்படுற?"

"அத்தான் தங்கமான மனுஷன். ஆனா போற எடத்துல சீல் அறுந்து கெடந்தா என்னையத்தான கேப்பாவ."

கிளார்க் கோபப்படவில்லை. "பாக்காம எடுத்தான்னாத்தான் டீச்சர், நாளைக்கு எம்மேல பழி வரும்."

"நாளையிலேருந்து சீல் போடுறது, பாக்கிறது ரெண்டையும் உங்க அத்தானே செய்யட்டுமா?"

டிரைவர் சாவியை நீட்டினார். "அப்ப வண்டியையும் அவரையே ஓட்டச் சொல்லுங்க."

கிளார்க் சிரித்தார். கோமதிநாயகம் சிரிக்கவில்லை. டீச்சருக்கு லாரிக்காரர்களோடு பழக்கம் கொஞ்சம் அதிகம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

"நீங்க சேர்மக்கனி பக்கமா, டீச்சர்?"

"இல்ல. அவர் மேல எனக்கும் சந்தேகம் இருக்கு."

"அப்ப கையெழுத்துப் போடுங்க."

"போடுறேன்."

கோமதிநாயகம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினார். மெர்சலின் பேனாவை வாங்கவில்லை. உறையைப் பிரிக்காமலே அவர் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"முதல்ல சேர்மக்கனி இதைப் பிரிச்சுப் படிக்கட்டும். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்து இருக்கும்."